வெட்டி எடுத்த பதினாறு பக்கங்கள்

தவமணியைப் பேயாக்கியவன் நான்தான்.

மூன்று வருடமாக இந்த ஒரு வரியை வாய்க்குள் அடக்கிக்கொண்டு திரிந்தேன். இப்போது எழுதிவிட்டேன். எழுதியதும் நெஞ்சு லேசாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கோபம்தான் வருகிறது... என் மேல், என் முதலாளி மேல், எங்கள் தோட்டத்து ஆட்கள் மேல். அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளை போனைக் கீழே வைத்துவிட்டு வாசிக்கிறதே என்று பூரித்துப்போன உங்கள் மேலும்தான்!

தவமணி யார் என்று கேட்பீர்கள். நமுனுகுல மலைப்பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவின் ஆயாவாக இருந்தவள். தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. இருபத்தைந்து வருடமாக அந்தக் குழந்தைகளைக் குளிப்பாட்டி, பால் கரைத்துக் கொடுத்து, தொட்டிலில் போட்டு ஆட்டித் தூங்க வைத்தவள். சிறு வயதில் குப்பி விளக்கு சரிந்து அவள் முகத்தின் ஒரு பக்கம் வெந்துபோனது. அந்தப் பக்கத்துக் கண் முழுதாக மூடாது. கல்யாணம் ஆகவில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்து வரிசையின் கடைசிக் காம்பராவில் தனியாக இருக்கிறாள். நானும் அவளும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தோம். என் படிப்பு அத்தோடு சரி.

தவமணி என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. மாற்றி எழுதும் புத்தி இந்தமுறையாவது எனக்கு வந்திருக்கிறது.

நான் பதுளை பஜாரில் ஒரு அச்சகத்தில் பைண்டர்; தினமும் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். அச்சடித்த தாளை மடித்து, அடுக்கி, கம்பி தைத்து, ஓரம் வெட்டிப் புத்தகமாக்குவது என் வேலை. தைத்த புத்தகங்களை வாசித்து வாசித்துத்தான் எனக்குத் தமிழ் எழுத வந்தது. பேச வரவில்லை. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் மணியடிக்கக் கூசி, வேறு யாராவது அடிக்கட்டும் என்று காத்திருந்து, இறங்க வேண்டிய இடம் தாண்டி இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். கூச்ச சுபாவம், பாவம் என்பார்கள் என்னைப் பற்றி.

அந்தப் பாவப்பட்ட மனிதன் செய்ததைக் கேளுங்கள்.

முதலாளி ஒருமுறை கொழும்பிலிருந்து வரும்போது ஒரு இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்தார். சிறுபிள்ளைகளுக்கான பேய்க்கதை. ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வரிசையாக வாசிக்கிற கதை அல்ல. ‘நீ ஒரு பாழடைந்த வீட்டின் முன் நிற்கிறாய். உள்ளே போவதானால் 14ஆம் பக்கம். திரும்பி ஓடுவதானால் 22ஆம் பக்கம்’ என்று வாசிக்கிற பிள்ளையிடமே கேட்கும். பிள்ளை தேர்ந்தெடுத்த வழியில் கதை போகும். ஒரு வழியில் தப்பலாம். ஒரு வழியில் சாகலாம்.

இதையே நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் போட்டால் பறக்கும் என்றார் முதலாளி. வாத்தியார்மார் இரண்டு பேரிடம் எழுதக் கேட்டார். அவர்கள் எழுதியதில் பக்க எண்கள் குழம்பின. உள்ளே போன பிள்ளை வெளியே வர வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு அது குழம்பவில்லை. அச்சுத் தாளில் ஒன்றாம் பக்கத்துக்கு அருகில் பதினாறாம் பக்கம் கிடக்கும். மடித்தால்தான் ஒழுங்காக வரும். முப்பது வருடம் அதையே பார்த்த கண் என்னுடையது.

மதியம் சோறு தின்ற பிறகு, வெட்டி மிஞ்சிய தாள் துண்டுகளில் ஒவ்வொரு காட்சியாக எழுதினேன். பைண்டிங் மேசையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்தேன். பத்து நாளில் அறுபத்துநான்கு பக்கம் நின்றுவிட்டது. ‘கடைசிக் காம்பரா’ என்று பெயர் வைத்தோம். என் பெயரைப் போட வேண்டாம் என்றேன். கூச்சம்! இல்லாத ஒரு மனிதரின் பெயரை முதலாளி அட்டையில் போட்டார். இதோ, இதிலும் என் பெயர் இல்லை. கவனித்தீர்களா?

கதைக்கு ஒரு பேய் வேண்டுமே. எனக்குக் கற்பனை ஓடாது. பார்த்ததைத்தான் எழுத வரும். ஒரு பக்க முகம் வெந்தவள்... ஒரு கண் மூடாதவள்... லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக இருப்பவள்... தொட்டிலை ஆட்டிப் பாடுகிறவள். ‘அவள் பாட்டுக்குத் தூங்கிய பிள்ளை எழும்பாது’ என்று ஒரு வரி வேறு எழுதினேன். எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறதே என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்!

ஆளை அப்படியே எழுதக் கூடாது என்றுகூடவா உனக்குத் தெரியாது என்று கேட்கிறீர்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தெரியும். தெரிந்ததால்தான் கடைசிப் பதினாறு பக்கங்களை எழுதினேன்.

இதுதான் நான் மறைத்தது.

கதையில் ஒரு வழி இருந்தது. மழையில் நனைந்து நிற்கும் பிள்ளை ஓடாமல், பேயை விரட்டும் உப்பை எறியாமல், கடைசிக் காம்பராவின் கதவைத் தட்டினால் 49ஆம் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே கதவு திறக்கும். அவள் பிள்ளையின் தலையைத் துவட்டிவிடுவாள். விளக்கு சரிந்த கதையைச் சொல்வாள். ரொட்டி சுட்டுச் சூடாகக் கையில் கொடுப்பாள். பிள்ளை ஏதோ சொல்ல ஒருமுறை சிரிப்பாள். மழை விட்டதும் பிள்ளையை அதன் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவாள். பயம்தான் பேய், அவள் இல்லை என்று அந்த வழியில் போன பிள்ளைக்கு விளங்கும். அது 64ஆம் பக்கத்தில் முடியும். அறுபத்துநான்கில் அந்தப் பதினாறு பக்கங்களைத்தான் நான் ஆசையாக எழுதினேன்.

கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற சுதா அதை வாசித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “என்னண்ணே, இந்தப் பேய்மேல ஒங்களுக்கு ஒரு இது இருக்கும்போல. ரொட்டி சுடுற கையை இப்புடி எழுதியிருக்கீங்க.”

மெஷின் ஓட்டுகிறவன் விடவில்லை. “அண்ணன் பேய் வீட்டுக்கு மாப்பிள்ளையா போறாரு. சீதனம் ரொட்டிக்கல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அன்றாடம் நடக்கிற கேலிதான். ஆனால் நான் அன்று முழுவதும் தலை நிமிரவில்லை.

அதற்கு மறுவாரம் தாள் விலை ஏறிவிட்டது, புத்தகத்தில் ஒரு ஃபாரத்தைக் குறை என்றார் முதலாளி. பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்பைத்தான் எங்கள் தொழிலில் ஃபாரம் என்கிறோம். எதைக் குறைப்பது என்று கேட்டேன்.

“எதை வேணும்னாலும் எடு தம்பி. பயத்தை மட்டும் எடுத்துடாதே.”

மூன்றாவது ஃபாரத்தை எடுத்திருக்கலாம். சுரங்கப் பாதை, பாம்பு, பாழடைந்த டீ ஃபாக்டரி... வெறும் ஓட்டம்தான் அது. ஆனால் அதிலிருந்து ஒன்பது இடங்களுக்கு வழி பிரிந்தது. எல்லா எண்களையும் மாற்ற வேண்டும். கடைசி ஃபாரத்துக்கோ ஒரே ஒரு வாசல்தான். 49 என்ற எண்ணை 31 ஆக்கினால் போதும். 31ஆம் பக்கத்தில் கதவு திறக்கும், வெந்த கை ஒன்று பிள்ளையை உள்ளே இழுக்கும், கதை முடியும்.

வேலை சுலபம் என்பதால் எடுத்தேன் என்று சொல்லி உங்களிடம் தப்பிவிடலாம். அதுவும் பொய்! சுதா சிரித்தாளே, அதனால்தான் எடுத்தேன். அந்தப் பக்கங்கள் ஊருக்குப் போனால், எழுதியவன் யார் என்று யாராவது கண்டுபிடித்தால், என்னையும் தவமணியையும் சேர்த்துச் சிரிப்பார்களே என்று கூசினேன். ஒருத்தியைப் பேய் என்று எழுத எனக்குக் கூசவில்லை. அவளை மனுஷி என்று எழுதியது வெளியே தெரியத்தான் கூசியது! இது என்ன கூச்சம்? இதற்கு வேறு பெயர் கிடையாதா?

நாற்பத்தெட்டுப் பக்கமாகப் புத்தகம் வந்தது. பிழைக்க ஒரே வழிதான் மிஞ்சியது. அவள் வாசலில் உப்பை வீசிவிட்டு ஓடினால் 40ஆம் பக்கம். ‘நீ பிழைத்துவிட்டாய்!’

அட்டையில் என்ன போட்டோம் தெரியுமா? ‘முடிவு உன் கையில்!’ எத்தனை பெரிய புளுகு! பிள்ளை எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் நான் வெட்டிவைத்த வாய்க்காலில்தான் ஓட வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ‘நீதான் தேர்ந்தெடுத்தாய்’ என்று பழியையும் போட்டுவிடுகிறோம். தைத்தவனுக்குத் தெரியும் எந்தத் தாள் உள்ளே இல்லை என்று. வாசிக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

புத்தகம் பறந்தது. முதலாளி சொன்னது பலித்தது. பள்ளிக்கூட வாசல்களில் விற்றார்கள். பஸ்ஸில் ஒருத்தி, என் மகள் சோறுகூடத் தின்னாமல் வாசிக்கிறாள் என்று பெருமையாகப் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளைக்கு என்ன வயது, என்ன வாசிக்கிறது என்று கேட்டால் அவளுக்குத் தெரிந்திருக்காது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் தோட்டத்துக்குப் புத்தகம் வந்த இரண்டாவது கிழமை, தவமணியின் வாசலில் உப்பு கிடந்தது.

முதலில் சிரித்துக்கொண்டே கூட்டித் தள்ளினாள். பிறகு தினமும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கைப்பிடி உப்பை வீசிவிட்டு ‘நாப்பது, நாப்பது’ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். நாற்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் காம்பராவுக்கு அது நன்றாகக் கேட்கும்.

அதன் பிறகு அக்காமார் தம்பி தங்கைகளைப் பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்ப விடாமல் அழுதார்கள். தொட்டிலில் போட்டால் எழும்பாது என்றார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தைக்கு அங்கே காய்ச்சல் கண்டு, வலிப்பு வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, வேனை மறித்தவளே தவமணிதான். பதுளை ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்து குழந்தை சுகமாக வந்தது. ஆனால் தோட்டத்தில் பேச்சு வேறு மாதிரிப் போனது. அவள் வேலை ஆட்டம் கண்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். தோட்டத் தலைவர் நடுவில் நாற்காலியில் இருந்தார். தவமணி நின்றாள். நான் கடைசியில், தேங்காய் உடைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன்.

சாந்தி என்கிற இளம் தாய் முதலில் பேசினாள். “நாங்க ஒன்னும் நம்பலைங்க தலைவரே. புள்ளைங்கதான் பயப்படுது.”

இந்த வார்த்தையைக் கவனியுங்கள். நாங்கள் நம்பவில்லை! இதைவிடக் கேவலமான பேச்சை நான் கேட்டதில்லை. நம்பினேன் என்று சொன்னால்கூட மன்னிக்கலாம். நம்பாமலே ஒருத்தியின் வேலையைப் பறிக்க வந்து நிற்கிறவர்களை என்ன சொல்வது?

தலைவர் சமாதானமாகப் பேசினார். அவருக்கு எல்லோரையும் திருப்திப்படுத்த வேண்டும். “ஒரு துணியக் கட்டி அந்தப் பக்கத்த மறைச்சுக்கிட்டு வேலை பாரேன் தவமணி. கொரோனா காலத்துல நாங்கல்லாம் கட்டலியா?”

யாரோ சிரித்தார்கள்.

தவமணி தலைவரைப் பார்க்கவில்லை. சாந்தியைப் பார்த்துத்தான் சொன்னாள்: “இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான் நீயும் தூங்குன. ஒன்னையும் நான்தான் ஆட்டுனேன். எத்தன நாள் எழும்பாம கெடந்த, சொல்லு.”

சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நொடி... அந்த ஒரு நொடியில் நான் வாயைத் திறந்திருந்தால்! வெட்டிய பதினாறு பக்கங்களின் புரூஃப் தாள் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. கூப்பிடு தூரத்தில் வீடு. ‘பேயை எழுதியவன் நான், அது பேயில்லை என்று எழுதியவனும் நான், இதோ பாருங்கள்’ என்று மூன்று வாக்கியம். மூன்றே வாக்கியம்! என் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதா, நான் ஒட்டிவைத்தேனா?

துணி கட்ட மாட்டேன் என்றாள் அவள். தலைவர் தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசினார். பிள்ளைக் காம்பராவுக்கு வேறு ஒரு பெண் வந்தாள். ஐம்பதை நெருங்குகிற தவமணியின் தலையில் கொழுந்துக் கூடையை மாட்டி மலைக்கு அனுப்பினார்கள். பிறந்ததிலிருந்து கூடை கட்டாதவள். முதல் கிழமையில் இரண்டு முறை சரிவில் விழுந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

அதே கிழமையில் புத்தகம் மறுபடி அச்சுக்குப் போனது. தைத்தது யார்? நான்தான். அடுத்த வருடம் மூன்றாவது முறையும் தைத்தேன். முதலாளியிடம் அந்த ஃபாரத்தைத் திரும்பச் சேர்ப்போம் என்று ஒரே ஒரு தடவை, தலையைச் சொறிந்துகொண்டு சொன்னேன். ஓடுகிற குதிரைக்கு எதற்கப்பா இன்னொரு கால் என்று சிரித்தார். நானும் சிரித்தேன்! அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

போன மாதம்தான் அவளிடம் சொன்னேன். வேலை விட்டு வந்து, தண்ணீர் கொட்டும் பீலியில் கை கழுவிக்கொண்டு நின்றாள். விரல்களில் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறி, தோல் வெடித்திருந்தது. அட்டை கடித்த காலில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள், ஆனாலும் ஊர் வழக்கத்துக்கு என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். சொல்லத் தொடங்கியவன், தண்ணீர்ச் சத்தத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். புத்தகம், எண், வெட்டிய பக்கங்கள், சுதாவின் கேலி, கோயில் வாசல்... புரூஃப் தாளையும் நீட்டினேன்.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். நின்றபடியே வாசித்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். ரொட்டி சுடுகிற இடத்தில் விரல் நின்றது. அவள் அழுவாள், அல்லது என்னைத் திட்டுவாள், அல்லது போகட்டும் அண்ணே என்பாள் என்று நான் மனதுக்குள் மூன்று வழி போட்டு வைத்திருந்தேன். புத்தகக்காரன் புத்தி!

அவள் தாளை மடித்து என் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

“இத எங்கிட்ட ஏன்ணே சொல்றீங்க? நான் பேயில்லைன்னு எனக்குத் தெரியும். பெரட்டுல சொல்லுங்க.”

பெரட்டு என்றால், காலையில் வேலைக்குப் போகும் முன் எல்லோரும் ஒன்றாக நிற்கும் இடம். அங்கேதான் பெயர் கூப்பிட்டு யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புவார்கள். சாந்தி இருப்பாள். தலைவர் இருப்பார். உப்பு வீசிய பிள்ளைகளின் தாய்மார் எல்லோரும் இருப்பார்கள். அங்கே சொன்னதைப் பிறகு யாரும் சொல்லவில்லை என்று மறுக்க முடியாது. அவள் சரியான இடத்தைத்தான் கேட்டாள்.

அவள் கேட்டது அது ஒன்றுதான். வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் நான் பெரட்டுக்குப் போனேன். ஆறரை மணி. சட்டைக்குள் அந்தப் பதினாறு பக்கங்கள். தோட்டத்து வேலைக்கே வராதவன் அங்கே வந்து நின்றால் விடுவார்களா? கங்காணி பார்த்துவிட்டார். “என்னப்பா பைண்டரு, புஸ்தகம் தச்சுச் சலிச்சுப்போச்சா? ஒனக்கும் ஒரு கூடை போடவா?” பெண்கள் சிரித்தார்கள். சாந்தியும் சிரித்தாள். தவமணி சிரிக்கவில்லை. கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டு, நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெந்த பக்கத்தை அவள் திருப்பிக்கொள்ளவில்லை. நான்தான் பார்வையைத் திருப்பினேன்.

பெயர்களைக் கூப்பிட்டு முடித்தார்கள். எல்லோர் கண்ணும் என் மேல். வாயைத் திறந்தேன்.

“ஒன்னுமில்ல... பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு. அதான் சும்மா...”

அவள் மற்றவர்களோடு மலைக்கு ஏறிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது?

இங்கே, முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவையும் எழுதிவிட்டேன். தாளுக்கு முன்னால் நான் எத்தனை தைரியசாலி பாருங்கள்! ஆனால் நீங்கள் வாசித்து என்ன ஆகப்போகிறது? உங்களில் ஒருவர்கூட எங்கள் பெரட்டில் நிற்பவர் இல்லை. என்னை மன்னிக்கவோ வையவோ உங்களுக்கு உரிமையும் இல்லை. அவள் கேட்டது இதை அல்ல.

பெரட்டு தினமும் ஆறரைக்கு நடக்கிறது. முன்பெல்லாம் நான் ஏழு மணி பஸ்ஸில்தான் பதுளைக்குப் போவேன், அந்த வழியாகத்தான் நடந்து போக வேண்டும். இப்போது ஆறு மணி பஸ்ஸில் போய்விடுகிறேன்.